லினக்ஸ் மின்ட்: நிறுவுவதும் பதிப்பு மாற்றுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் ஓரளவு புதிய பிராசசரும் கேட்கிறது. 2017-க்கு முன் வாங்கிய மடிக்கணினிகள் பெரும்பாலும் அந்த வாசற்படியைத் தாண்டுவதில்லை. அப்படி நின்றுபோன மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் போட்டுக்கொடுப்பது லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் ஓர் இலவச இயங்குதளம். அவர்கள் கேட்கிற கேள்விகளும் நான் சொல்கிற பதில்களும் கீழே இருக்கின்றன.

உபுண்டு, டெபியன் எல்லாம் இருக்க, ஏன் மின்ட்?

மூன்றும் லினக்ஸ் வகைகள். மின்டுக்கு அடித்தளம் உபுண்டு, உபுண்டுவுக்கு அடித்தளம் டெபியன். ஆக எதைப் போட்டாலும் ஒரே குடும்பம்தான். 2006-இல் க்ளெமென்ட் லெஃபெவ்ர் தொடங்கிய மின்ட், விண்டோஸ் 7 பழகிய கைகளுக்கு அந்நியமாகத் தெரியாது. கீழே பட்டை இருக்கும், இடது மூலையில் மெனு இருக்கும், வலது மூலையில் கடிகாரம் இருக்கும். அம்மாவுக்கோ கடையில் பில் போடுகிறவருக்கோ கொடுக்கும் கணினியில் இந்தப் பழக்கம்தான் முக்கியம். உங்களுக்கு ஏற்கெனவே உபுண்டு பழகியிருந்தால் மாற வேண்டிய அவசியமே இல்லை.

என் பழைய மடிக்கணினி தாங்குமா?

குறைந்தது 2 ஜிபி ரேம், 20 ஜிபி வட்டு இடம் என்று மின்ட் சொல்கிறது. 4 ஜிபி ரேமும் 100 ஜிபி இடமும் இருந்தால் வசதி என்றும் சொல்கிறது. 2 ஜிபி ரேமில் மின்ட் ஓடத்தான் செய்யும். ஆனால் அதில் பிரவுசரைத் திறந்து நான்கு டேப் போட்டால் மூச்சுத் திணறும். ரேமைத் தின்பது லினக்ஸ் அல்ல, பிரவுசர்.

மின்டில் சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகங்கள் (மேசைத் தோற்றங்கள்) உண்டு. 4 ஜிபி ரேம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ, 8 ஜிபி என்றால் தயங்காமல் சின்னமன். செலவு செய்ய மனமிருந்தால் சுழலும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். பத்து வருடப் பழைய இயந்திரத்தில் அதைவிடப் பெரிய மாற்றத்தை எந்த மென்பொருளும் தராது.

32-பிட் பிராசசர் என்றால் மின்டின் முதன்மைப் பதிப்புகளில் இடம் இல்லை. 19 வரிசைதான் அதற்குக் கடைசி.

வில்மா, ஜாரா, விர்ஜினியா… இதில் எதை இறக்குவது?

ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பெண் பெயர். முதல் பதிப்பு ஏடா. பெயர்களைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். முதல் எண்தான் வரிசை. 21 வரிசை உபுண்டு 22.04-இன் மேல் நிற்கிறது, 2027 வரை ஆதரவு. 2024 ஜூலையில் வந்த 22 வரிசை உபுண்டு 24.04-இன் மேல் நிற்கிறது, 2029 வரை ஆதரவு. புள்ளிக்குப் பின்னால் வரும் எண் அதே வரிசைக்குள் நடக்கும் சிறு மெருகு. புதிதாக நிறுவுகிறவர் கிடைப்பதிலேயே பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டாதான் எனக்கு. மின்டை நிறுவும் ஐஎஸ்ஓ கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி என்கிறார்களே?

டோரன்ட் வழியாக இறக்குங்கள். மின்ட் தளமே டோரன்ட் இணைப்பும் தருகிறது. இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம், நாளை மறுநாள் மிச்சம் என்று விட்ட இடத்திலிருந்து தொடரும். பிரவுசரில் இறக்கி 92 சதவீதத்தில் அறுந்துபோய் மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இறக்கிய கோப்பைச் சரிபார்க்கச் சொல்கிறார்களே, அது சும்மா சடங்குதானே?

2016 பிப்ரவரி 20 அன்று மின்டின் இணையதளத்துக்குள் யாரோ நுழைந்து, 17.3 சின்னமன் பதிப்புக்கான இணைப்பைப் பின்கதவு வைத்த ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று அந்த இணைப்பைச் சொடுக்கியவர்கள் திருடனுக்குச் சாவி கொடுத்து வீடு கட்டியது போல ஆனது. மின்ட் குழுவே அதை உடனே வெளிப்படையாக அறிவித்தது.

ஆகவே சரிபாருங்கள். தளத்தில் ஷா-256 என்ற நீளமான எண்ணெழுத்து வரிசை ஒன்று இருக்கும். விண்டோஸில் செவன்-ஜிப் நிறுவியிருந்தால் இறக்கிய கோப்பின் மேல் வலது சொடுக்கி அதே வரிசையை வரவழைக்கலாம். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் கோப்பு முழுமையாக வந்திருக்கிறது. அந்த வரிசை இருக்கும் கோப்பையே எவரும் மாற்றவில்லை என்று உறுதிசெய்ய ஜிபிஜி கையொப்பமும் உண்டு, அதற்கான வழி தளத்திலேயே இருக்கிறது. திருட்டை விடுங்கள், பாதியில் அறுந்த கோப்பால் நிறுவல் நடுவில் நின்றுபோவதுதான் நான் அடிக்கடி பார்த்தது.

பென் டிரைவில் கோப்பை காப்பி செய்தேன். ஒன்றும் வரவில்லையே?

காப்பி செய்தால் வராது, அதற்கென்றே உள்ள மென்பொருளால் எழுத வேண்டும். பலேனா எட்சர் எளிது. ரூஃபஸும் நல்லது. பல ஐஎஸ்ஓக்களை ஒரே பென் டிரைவில் வைத்துச் சுற்றுகிறவர்களுக்கு வென்டாய். 8 ஜிபி பென் டிரைவ் போதும். அதிலுள்ள எல்லாம் அழிந்துபோகும், குடும்பப் படங்கள் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்.

பிறகு கணினியை அணைத்து, இயக்கும்போதே, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவின் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்பி என்றால் எஸ்கேப், பிறகு எஃப்9. ஆசஸ் என்றால் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய் அதை முதலில் அனுமதிக்க வேண்டும்.

நிறுவாமல் சும்மா பார்க்க முடியுமா?

முடியும். பார்த்தே ஆகவும் வேண்டும். பென் டிரைவிலிருந்து பூட் ஆனதும் முழு மேசையும் திரையில் வந்துவிடும், வட்டை அது தொடாது. அங்கேயே வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பாடுகிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் இதில் போகட்டும். இங்கே வேலை செய்யாதது நிறுவிய பிறகு தானாகச் சரியாகும் என்று நம்பிப் போகாதீர்கள்.

என்விடியா கார்டு உள்ள சில கணினிகளில் திரை கறுப்பாகவே நிற்கும். பூட் மெனுவில் 'கம்பேட்டிபிலிட்டி மோட்' என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். நிறுவிய பிறகு டிரைவர் மேனேஜரில் போய் என்விடியா டிரைவரை (அந்தக் கார்டை இயக்கும் மென்பொருள்) போட்டுக்கொள்ளலாம்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே மின்ட் போட வேண்டும். எப்படி?

இந்தக் கேள்விக்குத்தான் பொறுமை வேண்டும். நிறுவும் நேரம் இருபது நிமிடம், அதற்கு முந்தைய வேலை ஒரு மாலை முழுக்க.

முதலில் பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் வட்டுப் பூட்டு. பல மடிக்கணினிகளில் உரிமையாளருக்கே தெரியாமல் வட்டு பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் எதையாவது மாற்றிவிட்டு விண்டோஸைத் திறந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்னமே பார்த்துத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அல்லது பூட்டை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. இது இயக்கத்தில் இருந்தால் கணினியை அணைத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் உள்ள பார்ட்டிஷனில் (வட்டின் பிரிவு) லினக்ஸ் எழுத மறுக்கும். பவர் ஆப்ஷன்ஸில் அதை அணையுங்கள்.

அடுத்து இடம். சி டிரைவைச் சுருக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிடமே விடுங்கள். தன் வீட்டுச் சுவரைத் தானே நகர்த்தட்டும். 60 ஜிபி ஒதுக்கினால் நிம்மதி. ஒதுக்கிய இடத்தை எந்த டிரைவாகவும் ஆக்காமல் வெற்றிடமாகவே விடுங்கள்.

கடைசியாக, விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருந்தால் பென் டிரைவையும் யூஇஎஃப்ஐ முறையிலேயே பூட் செய்யுங்கள். ஒன்று புதிய முறை, இன்னொன்று பழைய பயாஸ் முறை என்று கலந்தால் நிறுவல் முடியும், ஆனால் ஒன்று மற்றதைக் கண்டுகொள்ளாது.

நிறுவியில் என் வட்டே தெரியவில்லை!

இன்டெல் ஆர்எஸ்டி முறையில் வட்டு இயங்குவது இதற்கு வழக்கமான காரணம். பயாஸில் அதை ஏஎச்சிஐ என்று மாற்ற வேண்டும். எடுத்தவுடன் மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் விழும். முதலில் விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் திறக்கும்படி அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை திறந்தால் புதிய முறைக்குப் பழகிக்கொள்ளும். பிறகு சேஃப் மோடை எடுத்துவிடலாம்.

பார்ட்டிஷன் பக்கம் வந்ததும் கை நடுங்குகிறது. எதை அழுத்துவது?

நடுங்குவது நல்லதுதான். எனக்கு நடுங்கவில்லை, அதனால் பட்டேன். எஸ்எஸ்டி ஒன்றும் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றுமாக இரண்டு வட்டு இருந்த என் மேசைக் கணினியில், எஸ்டிஏ என்றால் எஸ்எஸ்டிதான் என்று நானே முடிவு செய்து 'இரேஸ் டிஸ்க்' கொடுத்தேன். அது ஹார்ட் டிஸ்க். ஆறு வருடப் படங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் வட்டில் ஒட்டிய பெயர்கள் அல்ல, கணினி கண்டெடுத்த வரிசை மட்டுமே. அன்றிலிருந்து நான் பெயரைப் பார்ப்பதில்லை. கொள்ளளவைப் பார்க்கிறேன், இல்லையென்றால் பெட்டியைத் திறந்து மற்ற வட்டின் கேபிளையே பிடுங்கிவிடுகிறேன்.

கணினி முழுவதும் மின்டுக்கு என்றால் 'இரேஸ் டிஸ்க்'. விண்டோஸ் பக்கத்தில் என்றால் 'இன்ஸ்டால் அலாங்சைட்'. எல்லாவற்றையும் கையால் செய்ய 'சம்திங் எல்ஸ்'. ஓரளவு கை பழகியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கடைசி வழி. ரூட்டுக்கு (மின்ட் அமைப்பு இருக்கும் இடம்) 40 ஜிபி, மிச்சமெல்லாம் ஹோமுக்கு (உங்கள் கோப்புகள் இருக்கும் இடம்), இரண்டும் எக்ஸ்ட்4 ஃபார்மட். பூட் கோப்புகளுக்காக ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யாமல் அப்படியே பயன்படுத்துங்கள். ரேம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் தேவையில்லை, ஒரு கோப்பாக அதுவே உருவாகிவிடும். ஹோமைத் தனியாக வைப்பதன் அருமை பதிப்பு மாற்றும்போது தெரியும்.

எந்த வழியில் போனாலும் அதற்கு முன் உங்கள் கோப்புகளின் பிரதி இன்னொரு வட்டில் இருக்க வேண்டும். அதே வட்டின் டி டிரைவில் வைத்தது பிரதி ஆகாது.

நிறுவியாகிவிட்டது. வைஃபை மட்டும் வரவில்லை.

பிராட்காம் சிப்பாக இருக்கலாம். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற முட்டுச்சந்து. கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் செருகி, அதன் இணையத்தைப் பகிரும் டெதரிங்கை இயக்குங்கள். மின்ட் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். அதன் வழியே டிரைவர் மேனேஜர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

மின்டில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது. பேட்டரி போய்விட்டதா?

இல்லை. தாய்ப்பலகையில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று வாசிக்கிறது. இந்திய, இலங்கை நேரம் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுவதால் சரியாக அந்த வித்தியாசம். மின்டில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் 'உள்ளூர் நேரமே எழுது' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் சண்டை தீர்ந்தது.

தமிழ் தட்டச்சு?

தமிழ் எழுத்துருக்கள் கூடவே வருகின்றன, படிப்பதற்கு எதுவும் செய்ய வேண்டாம். தட்டச்சுக்கு சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்பதை நிறுவி, உள்ளீட்டு முறையை ஐபஸ் என்று வைத்து, ஒருமுறை வெளியேறி நுழையுங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழின் கீழ் தமிழ்99, ஒலியியல், இன்ஸ்கிரிப்ட், தட்டச்சுப்பொறி முறை எல்லாம் இருக்கும். விசைப்பலகை அமைப்பிலேயே நேரடியாகத் தமிழ் சேர்க்கும் இன்னொரு வழியும் உண்டு. ஆனால் தமிழ்99-க்கே உரிய தானியங்கிப் புள்ளி அந்த வழியில் ஒழுங்காக விழாது. ஐபஸையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அலுவலகக் கோப்புகளில் ஒரு சிக்கல் வரும். லதா எழுத்துருவில் அடித்த கோப்பை லிப்ரே ஆபிஸில் திறந்தால் வேறு எழுத்துரு வந்து உட்காரும், பக்கங்கள் நகரும். பாமினி, வானவில் போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தவை வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். கோப்பு கெடவில்லை. உங்களிடம் உள்ள அந்த எழுத்துருக் கோப்பை ஹோமுக்குள் எழுத்துருக்களுக்கான கோப்புறையில் போட்டால் தமிழாகிவிடும்.

பிரின்டர்? டேலி?

எச்பி பிரின்டர்கள் பெரும்பாலும் செருகியதும் அச்சடிக்கும். கடைக்குக் கடை இருக்கும் லேசர்ஜெட் 1020-க்கு மட்டும் எச்பியின் கூடுதல் பிளகின் ஒன்றை இறக்க வேண்டும், கேட்கும்போது சம்மதியுங்கள். கேனன் எல்பிபி2900 தலைவலி. முயன்றால் முடியும், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பலி கொடுக்க வேண்டும்.

டேலியை நம்பிக் கடை நடக்கிறதென்றால் விண்டோஸை விடாதீர்கள்.

அப்டேட்டும் அப்கிரேடும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. இந்தக் குழப்பத்தால்தான் பாதிப் பேர் இரண்டையும் செய்யாமல் இருக்கிறார்கள். அப்டேட் என்பது ஓட்டைகளை அடைப்பது. கேடயச் சின்னம் கீழ்ப்பட்டையில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் செய்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. அப்கிரேட் என்பது வீட்டையே மாற்றுவது. அதற்கு அவசரமே இல்லை. 21.3-இல் எல்லாம் நன்றாக ஓடினால் 2027 வரை அப்படியே இருக்கலாம். புதிய எண் வந்துவிட்டது என்பது ஒரு காரணம் ஆகாது. ஆதரவு முடியப்போகிறது, அல்லது புது வன்பொருள் பழைய கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) வேலை செய்யவில்லை என்றால் மாறுங்கள்.

20 வரிசையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. 2025 ஏப்ரலோடு அதன் ஆதரவு முடிந்துவிட்டது.

ஒரு அப்டேட்டில் புது கெர்னல் வந்து, அதன் பிறகு வைஃபை போய்விட்டால் பதற வேண்டாம். இயக்கும்போது வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே பழைய கெர்னல் பத்திரமாக இருக்கும். அதில் நுழைந்து வேலையைத் தொடருங்கள்.

சரி, மாறுவது என்று முடிவு செய்துவிட்டேன். எப்படி?

ஒரே வரிசைக்குள், 22-இலிருந்து 22.1-க்கு என்பது போல, மாறுவது சுலபம். அப்டேட் மேனேஜரின் எடிட் மெனுவிலேயே அதற்கான வரி தோன்றும். சொடுக்கி, டீ குடித்துவிட்டு வாருங்கள்.

வரிசை விட்டு வரிசை தாவுவது வேறு. 21-இலிருந்து 22-க்குப் போக முதலில் 21.3-க்கு வந்து, எல்லா அப்டேட்டையும் முடித்து, மின்ட்அப்கிரேட் என்ற கருவியை நிறுவ வேண்டும். இரண்டு வரிசைகளை ஒரே தாவலில் தாண்ட முடியாது. 20-இல் இருப்பவர் 21 வழியாகத்தான் 22-க்கு வர முடியும்.

அந்தக் கருவி ஒரு கண்டிப்பான கணக்குப்பிள்ளை. டைம்ஷிப்ட் கருவி எடுத்த ஸ்னாப்ஷாட் (அமைப்பின் அப்போதைய பிரதி) எங்கே என்று கேட்கும், வெளியிலிருந்து சேர்த்த பிபிஏக்களை (கூடுதல் மென்பொருள் மூலங்கள்) அணைக்கும், யாரோ எங்கிருந்தோ போட்ட பேக்கேஜ்களைப் பட்டியலிட்டு 'இதை எடுத்துவிடவா?' என்று கேட்கும். பட்டியலைப் படியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லிவிட்டுப் பிறகு 'என் மென்பொருள் எங்கே?' என்று வருகிறவர்கள் உண்டு.

டைம்ஷிப்ட் பற்றி இரண்டு விஷயம். அது அமைப்புக் கோப்புகளைத்தான் காக்கும், இயல்பாக ஹோமைத் தொடாது. உங்கள் படங்களுக்கு அது காப்பு அல்ல. அடுத்தது, அது எழுத லினக்ஸ் முறையில் ஃபார்மட் செய்த வட்டு வேண்டும். என்டிஎஃப்எஸ் வெளிவட்டைக் கொடுத்தால் ஏற்காது.

நடுவில் கரன்ட் போனால்?

போகாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் நாளிதழின் மின்தடை அறிவிப்பில் தங்கள் ஏரியா இருக்கிறதா என்று பார்ப்பது எந்தத் தொழில்நுட்ப அறிவுரைக்கும் குறைந்ததல்ல. மடிக்கணினியில் பேட்டரி செத்திருந்தால் யுபிஎஸ் உள்ள இடத்துக்குத் தூக்கிப் போங்கள்.

போயே விட்டதா? இறக்கும் கட்டத்தில் போனால் நஷ்டமில்லை, மறுபடி தொடங்கலாம். நிறுவும் கட்டத்தில் போனால் கிரப் மெனுவின் ரெகவரி மோடில் நுழைந்து, உடைந்த பேக்கேஜ்களைச் சரிசெய்யும் வரியைத் தேர்ந்தெடுங்கள். பல முறை அதுவே போதும். அதற்கும் மசியவில்லை என்றால், நிறுவிய நாளில் பயன்படுத்திய பென் டிரைவை எடுங்கள். அதிலேயே டைம்ஷிப்ட் இருக்கிறது, ஸ்னாப்ஷாட்டைக் காட்டிப் பழைய நிலைக்குத் திருப்பலாம். அதனால்தான் அந்தப் பென் டிரைவைப் படம் ஏற்றுவதற்குக் கொடுத்துவிடாதீர்கள் என்கிறேன்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு மின்ட் மறைந்துவிட்டது.

மறையவில்லை, பூட் வரிசையில் விண்டோஸ் முதலிடம் பிடித்திருக்கும். பயாஸில் மின்டை, சில கணினிகளில் 'உபுண்டு' என்ற பெயரில் இருக்கும், மேலே ஏற்றுங்கள். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட் இன்னொரு கூத்து செய்தது. அனுமதி பெற்ற பூட் கோப்புகளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்த பல கணினிகளில் பழைய லினக்ஸ் பூட் கோப்புகளை ஏற்க மறுத்து, பாதுகாப்பு மீறல் என்று திரையில் எழுதிவிட்டு அணைந்தது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து உள்ளே நுழைந்து, மின்டின் அப்டேட்டுகளை எல்லாம் போட்டுவிட்டுப் பிறகு மீண்டும் இயக்கிப் பாருங்கள்.

அப்கிரேட் செய்வதா, புதிதாக நிறுவுவதா? நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஹோம் தனிப் பார்ட்டிஷனில் இருந்தால் புதிதாகவே நிறுவுவேன். நான்கு வருடத்தில் போட்டுப் பார்த்து மறந்த மென்பொருள்கள், உடைந்த பிபிஏக்கள் எல்லாம் ஒரே துடைப்பத்தில் போய்விடும். 'சம்திங் எல்ஸ்' எடுத்து, ரூட்டை மட்டும் ஃபார்மட் செய்து, ஹோமுக்கு எதிரே ஃபார்மட் பெட்டியில் குறி இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, பழைய பயனர் பெயரையே எழுத்து மாறாமல் கொடுப்பேன். பெயர் மாறினால் கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தும் காலி மேசை ஒன்று எதிரே வந்து நிற்கும்.

ஹோம் தனியாக இல்லை, நிறைய அமைத்து வைத்திருக்கிறீர்கள், எதையும் மறுபடி செய்ய நேரமில்லை என்றால் மின்ட்அப்கிரேட். சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள், ஞாயிறு இரவில் வேண்டாம்.